வீட்டுக்கு முன் ஊற்று

மலையகத்தில் புதிய வீடுகள் கையளிக்கப்படும் நிகழ்ச்சிகள் பலவற்றை நாங்கள் கண்டிருக்கிறோம். வாசலில் வாழை மரம் கட்டியிருப்பார்கள். மேளம் முழங்கும். அதிதிகள் நாடா வெட்டுவார்கள். வீட்டின் திறப்பு கைக்கு வரும்போது எமது தாய்மாரின் கண்கள் கலங்கும். ஆண்டுக்கணக்காக முகாமிலும் கூடாரத்திலும் கிடந்தவர்களுக்கு அது சிறிய காரியமா?

அப்படியான ஒரு நாளில், கூட்டம் கலைந்த பிறகு, கைக்குழந்தையோடு நின்ற தாய் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "வீடு நல்லாத்தாங்க இருக்கு. இந்தக் குழாயில வர்ற தண்ணி எங்கருந்து வருதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

அங்கு நின்ற எவருக்கும் தெரியவில்லை. நாங்களும் விழித்தோம். மறுநாள் இளைஞர்கள் சிலரோடு குழாயைத் தொடர்ந்து மலையில் ஏறினோம். தேயிலை மலைக்கும் போஞ்சித் தோட்டத்துக்கும் இடையில் ஊற்றுக்கண் இருந்தது. அதன் மேல் பழைய சீமெந்துத் தொட்டி. மூடி உடைந்து, அந்த இடத்தில் ஒரு தகரம். தொட்டியின் ஓரத்தில் வெறும் மருந்துப் போத்தல்கள் இரண்டு. நாற்பது அடி மேலே, முன்னர் தற்காலிகக் குடில்கள் இருந்த காலத்து மலசலகூடக் குழி. அந்தத் தண்ணீர்தான் கீழே புதிய வீடுகளின் புதிய குழாய்களில் வந்துகொண்டிருந்தது.

வீட்டுத் திட்டத்தில் சுவருக்குக் கணக்கு இருந்தது, கூரைக்குக் கணக்கு இருந்தது. ஊற்றுக்குக் கணக்கு இருக்கவில்லை. இதைப் பற்றியே இம்முறை உங்களோடு பேச விரும்புகிறோம். இடம்பெயர்ந்த மக்களுக்கு வீடு கட்டுமுன் ஊற்றைக் குறிக்க வேண்டும், அளக்க வேண்டும், வேலி போட்டுக் காக்க வேண்டும். இதில் பாதிப் பொறுப்பு அதிகாரிகளுடையது. மறுபாதி நம்முடையது.

மண்ணும் தண்ணீரும்

ஊவாவின் தோட்ட மக்களுக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் காலம் கழித்த பின், 2016 இல் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. பதுளை மாவட்டம் மிக மோசமாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. வீட்டை இழந்தவர்கள் ஒரு புறம், "இது அபாய வலயம், இங்கிருக்கக் கூடாது" என்று அறிவிக்கப்பட்டவர்கள் மறு புறம்.

மலை சரியும்போது வீடு மட்டும் போவதில்லை. குழாய் வழியும் போகிறது. தலைமுறையாகக் குடித்த ஊற்று மண்ணில் புதைகிறது, அல்லது வேறோர் இடத்தில் கிளம்புகிறது. மக்கள் புதிய இடத்துக்குப் போகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு லயத்து மக்கள் குடித்துக்கொண்டிருந்த ஊற்றையே இவர்களும் பங்குபோட வேண்டி வருகிறது. இருபது குடும்பங்களுக்குப் போதுமாயிருந்த தண்ணீரில் எழுபது குடும்பங்கள் கை வைக்கின்றன. ஊற்றைச் சுற்றிப் புதிய குழிகள், புதிய மாட்டுக் கொட்டில்கள், புதிய மரக்கறிப் பாத்திகள் எழும்புகின்றன. சண்டையும் வருகிறது, நோயும் வருகிறது.

பீலிக்கரை யாருக்குச் சொந்தம்?

நமது பாட்டன் பாட்டிமார் பீலிக்கரையில் குளித்தார்கள், அங்கேயே குடிதண்ணீர் எடுத்தார்கள். மலையில் ஊறிய தண்ணீரை மூங்கிலிலோ தகரத்திலோ வழிநடத்திக் கொண்டுவந்த பீலி அது. பின்னர் இரும்புக் குழாய் வந்தது. சுகாதாரம் பற்றித் தோட்டங்களில் கவலைப்படத் தொடங்கியதுகூடத் தொழிலாளி மீது வைத்த அன்பினால் என்று சொல்ல முடியாது. 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியபோது, இரத்தசோகையால் வாடும் தொழிலாளியினால் உழைக்க முடியாது என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, குழாய் யார் போட்டதென்று யாருக்கும் நினைவில்லை. ஊற்று மட்டும் எவருடைய பொறுப்பிலும் இல்லை. தோட்டத்தில் கேட்டால் "பிரதேச சபையைக் கேளுங்கள்" என்கிறார்கள். பிரதேச சபையில் நெடுங்காலம் "தோட்டம் எங்கள் எல்லைக்குள் வராது" என்றார்கள். இன்றைக்கு நமக்கு வீட்டுக்குக் காணி உறுதி தருகிறோம் என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த உறுதியில் ஊற்று இல்லை. ஊற்று இருப்பது நமது எல்லைக்கு மேலே, வேறொருவரின் குத்தகை நிலத்தில். அங்கே நாளைக்குக் களைநாசினி அடித்தால் அதைத் தட்டிக் கேட்க நமக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஏழு பேர்ச் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்பது பழகிப்போன அளவு. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 44 அடி.

மலசலகூடக் குழிக்கும் குடிநீர் எடுக்கும் இடத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் வேண்டும்? குறைந்தது 50 அடி என்பது நமது பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. அகதி முகாம்களுக்கென வகுக்கப்பட்ட சர்வதேச அளவுகோல் 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி என்கிறது. 44 அடிக் காணிக்குள் 50 அடியை எங்கே தேடுவது? உங்கள் காணியில் கிணறு வெட்டினால் உங்கள் குழி அருகில் இருக்கும். உங்கள் குழியைத் தள்ளிப்போட்டால் பக்கத்து வீட்டுக் குழி அருகில் வந்து நிற்கும். சரிவான நிலத்தில் மேல் வீட்டுக் குழியின் கசிவு கீழ் வீட்டுக்குத்தான் இறங்கும். அண்ணன் வீடு தம்பி வீடு என்று தண்ணீர் பார்ப்பதில்லை.

ஆகவே ஏழு பேர்ச் காணியில் வீட்டுக்கு வீடு கிணறு என்பது நமக்குப் பாதுகாப்பான வழியல்ல. குடியிருப்புக்கும் தோட்டத்துக்கும் மேலே, குழிகளும் பாத்திகளும் எட்டாத இடத்தில் உள்ள பொது ஊற்றைப் பொதுவாகக் காப்பதே நமக்கு இருக்கும் வழி. தனி வீடு கிடைத்துவிட்டது, இனி லயத்துச் சங்கதி நமக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் விடயத்தில் நாம் இன்னும் ஒரே லயத்தில்தான் இருக்கிறோம்.

தெரியும் அழுக்கும் தெரியாத அழுக்கும்

தண்ணீரில் சேரும் அழுக்கு இரண்டு வகை. முதலாவது, மனிதரிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் வரும் கிருமி. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் இதனால் வருபவை. ஊவாவில் இதற்கு ஒரு பருவமும் உண்டு. ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் ஊற்று மெலிகிறது, அழுக்கு மலைமேல் காய்ந்து கிடக்கிறது. ஒக்டோபர் மழை இறங்கியதும் அத்தனையும் ஒரேயடியாகக் கழுவப்பட்டுத் தொட்டிக்குள் வருகிறது. இந்த வகை அழுக்குக்குக் கொதிக்கவைப்பது நல்ல மருந்து. தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம் விட்டால் கிருமி சாகும். குளோரினும் உதவும். ஆனால் கலங்கிய தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. முதலில் தெளிய விட வேண்டும்.

இரண்டாவது, நமது பாத்தியிலிருந்து வரும் அழுக்கு. பசளையிலுள்ள நைதரசன் மழையோடு கரைந்து நைத்திரேற்றாகத் தண்ணீரில் சேர்கிறது. கிருமிநாசினியும் களைநாசினியும் அவ்வாறே. பலவேளைகளில் இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. கண்ணாடி போன்ற தண்ணீராக இருக்கும். இதைக் கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது தவறு. கொதிக்கக் கொதிக்க நீராவி போகும், நைத்திரேற்று பாத்திரத்தில் தங்கிவிடும். தண்ணீர் குறையக் குறைய அதன் செறிவு கூடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகச் சுமக்க முடியாமல், உதடும் நகமும் நீலம் பாரிக்கக்கூடும். கைக்குழந்தையோடு நின்று எங்களிடம் கேள்வி கேட்ட அந்தத் தாய், நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியையே கேட்டார்.

இரண்டாம் வகை அழுக்கை வீட்டு அடுப்பில் போக்க முடியாது. அது ஊற்றை அடையாமல் தடுப்பதே வழி. அதனால்தான் ஊற்றைச் சுற்றியுள்ள நிலத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

நமக்கும் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்

மேலே இருப்பவர்கள் நமது தண்ணீரைக் கெடுக்கிறார்கள் என்று குறை சொல்வது எளிது. நாமும் யாரோ ஒருவருக்கு மேலே இருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

பூனாகலைப் பக்கத்து ஓடைகள் ஒன்றுகூடி, 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியாக விழுந்து, கிரிந்தி ஓயாவோடு சேர்ந்து வெல்லவாயைக்குப் போகின்றன. அங்கிருந்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்துக்கும் திஸ்ஸமகாராம வயல்களுக்கும் போகின்றன. நமுனுகுலை, பசறை மலைகளில் பிறக்கும் மாணிக்க கங்கைதான் கதிர்காமத்தில் பக்தர்கள் முழுகும் கங்கை. வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதிகளின் உருளைக்கிழங்குப் பாத்திகளைக் கழுவிக்கொண்டு ஓடும் உமா ஓயா ரந்தெம்பையில் மகாவலியோடு கலக்கிறது. அந்த மலைகளின் மேல்மண் ரந்தெம்பை நீர்த்தேக்கத்தில் சேறாகப் படிகிறது.

நமது பதுளை மாவட்டத்தின் கீழ் எல்லையில் உள்ள கிராந்துருக்கோட்டையை எண்ணிப் பாருங்கள். மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட விவசாயக் குடும்பங்கள் வாழும் இடம். இன்று நாட்பட்ட சிறுநீரக நோய் கடுமையாகத் தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த நோயின் காரணம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர் இன்னும் முடிவாக நிறுவவில்லை. கடின நீர், புளோரைட், விவசாய இரசாயனம், வெயிலில் உடல் வற்றுதல் என்று பலவற்றைச் சொல்கிறார்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீரின் மீது அம்மக்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். காணியும் வயலும் இருந்தும், குடிக்கும் தண்ணீரை அஞ்சி வாழ்வது எத்தகைய வாழ்வு! மலையிலிருக்கும் நமக்கு இன்னும் தெளிந்த ஊற்று இருக்கிறது. அதன் அருமையை இழந்த பின்னரா அறிய வேண்டும்?

நிலத்தடி நீர் எத்தனை எளிதில் கை நழுவும் என்பதற்கும் நமது மாகாணமே சாட்சி. உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது 2014 டிசெம்பரிலிருந்து சுரங்கத்துக்குள் நீர் பெருகிப் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் ஒருமுறை வற்றிய கிணற்றை விழா எடுத்து நிரப்ப முடியாது.

நாம் செய்யக்கூடியவை

எவர் வந்தாலும் வராவிட்டாலும் நாமே செய்யக்கூடிய காரியங்கள் சில உள்ளன. இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. நான்கு ஞாயிறு சிரமதானம் போதும்.

முதலாவது, ஊற்றுக்குப் போய் அதைப் பாருங்கள். உங்கள் குழாய் தொடங்கும் இடத்தை உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், ஊற்று மிக மெலிந்திருக்கும்போது அளந்து பாருங்கள். 20 லீற்றர் வாளி நிறைய எத்தனை செக்கன் எடுக்கிறது? 100 செக்கன் எடுத்தால் நாளொன்றுக்கு 17,280 லீற்றர். ஐந்து பேர் கொண்ட ஐம்பது குடும்பங்களுக்கு ஆளுக்கு 69 லீற்றர் கிடைக்கும். இரவில் ஓடுவதைச் சேர்த்துவைக்கத் தொட்டி இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு பேசுங்கள். எண் இருந்தால் பேச்சுக்கு வலு வரும்.

இரண்டாவது, ஊற்றுக்கண்ணை மூடிக் கட்டுங்கள். கல்லும் சீமெந்தும் கொண்டு சிறு பெட்டி, இறுக்கமான மூடி, மிகுதி நீர் வழிய ஒரு குழாய், கழுவி விட ஒரு குழாய். பெட்டியின் பின்புறம் களிமண்ணால் அடைத்துவிட்டால் மழைத் தண்ணீர் நேரே இறங்காது. ஊற்றுக்கு மேலே 25 அடிக்குக் குறையாத தூரத்தில் பிறை வடிவில் ஒரு கான் வெட்டி, மேல் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். இந்தக் கானில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். தேங்கும் தண்ணீர் மலையைச் சரிக்கும். மண்சரிவு அபாயம் உள்ள சரிவானால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினரைக் கேட்ட பின்னரே மண்வெட்டியை எடுங்கள்.

மூன்றாவது, ஊற்றைச் சுற்றி வேலி போடுங்கள். வேலிக்குள் புல்லும் மூங்கிலும் உள்ளூர் மரமும் வளரட்டும். யூக்கலிப்டஸ் வேண்டாம். அதற்குள் மாடு மேய்வதோ, குளிப்பதோ, துணி துவைப்பதோ, மருந்து டாங்கி கழுவுவதோ கூடாது. ஊற்றுக்கு மேலே உள்ள பழைய மலசலகூடக் குழியை வெறுமையாக்கி, சுண்ணாம்பு தூவி, மண்ணால் மூடிவிடுங்கள்.

நான்காவது, நமது பாத்திக்கு வருவோம். இதைச் சொல்லும்போது நம்மில் சிலருக்குக் கோபம் வரலாம். பெயர்ப்பதிவு இல்லாமல், தோட்டத்து ஓரத்தில், ஓடைக்கரையில் ஒரு துண்டில் போஞ்சியும் கோவாவும் தக்காளியும் போட்டுத்தான் நம்மில் பலர் குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம். அதை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்தையும் பசளையையும் ஒரே நாளில் விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாக நிறுத்தியதும், விவசாயி தலையில் கைவைத்ததும், அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டதும் நமக்குத் தெரியும். நாங்கள் கேட்பது வேறு. ஓடைக்கும் பாத்திக்கும் இடையில் சில அடி புல் விடுங்கள். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். மழை இருட்டிக் கிடக்கும்போது பசளை போடாதீர்கள். போட வேண்டியதைப் பங்கு பிரித்துப் போடுங்கள். அது பயிருக்கே சேரும், உங்கள் காசும் ஓடையில் போகாது. கோழி எருவைப் பச்சையாகக் கொட்டாமல், கூரைக்குக் கீழே குவித்து மக்கவைத்துப் பாவியுங்கள். மருந்து கலக்கத் தண்ணீரை வாளியில் எடுத்து வாருங்கள், டாங்கியை ஓடையில் முக்காதீர்கள். வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை டாங்கியிலேயே ஊற்றிப் பயிருக்கு அடித்து, போத்தலைத் துளையிட்டு ஒதுக்கிவையுங்கள். எக்காரணம் கொண்டும் அதில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்க வேண்டாம்.

ஐந்தாவது, ஊற்றுக்கு ஒரு காவல் வையுங்கள். கிழமைக்கு ஒரு குடும்பம் என்று முறை வகுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வரட்டும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. மழைக்காலத்தில் தெளிந்த ஊற்று திடீரென்று சேறாகக் கலங்கினால், ஓடிய ஊற்று நின்றுபோனால், இல்லாத இடத்தில் புது ஊற்றுக் கிளம்பினால், அவை மலை அசைவதன் அடையாளங்களாக இருக்கலாம். அன்று குழாயைப் பார்த்துக்கொண்டிராமல், பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் புறப்படுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் உடனே அறிவியுங்கள். ஊற்றை நாள்தோறும் அறிந்தவர்களுக்கே அது மாறுவதும் தெரியும்.

நாம் கேட்க வேண்டியவை

நமது பங்கைச் செய்த பின் பிறர் பங்கைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

புதிய குடியிருப்புக்கு இடம் தெரியும்போது, மண் உறுதியானதா என்று பார்ப்பது போலவே, கோடை மாதத்தில் ஊற்றின் அளவையும் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். இலங்கைத் தர நிர்ணயப்படி குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு மலக்கிருமிகூட இருக்கக் கூடாது. கிருமிப் பரிசோதனையோடு நைத்திரேற்றுப் பரிசோதனையையும் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நில அளவைப் படத்தில் ஊற்றும் அதைச் சுற்றியுள்ள காப்பு நிலமும் குழாய் வழியும் குறிக்கப்பட வேண்டும். உறுதி எழுதும்போது அந்த ஊற்றில் நமக்குள்ள பொது உரிமையும் எழுதப்பட வேண்டும். அந்த வட்டத்துக்குள் கம்பனியும் களைநாசினி அடிக்கக் கூடாது, நாமும் அடிக்கக் கூடாது. களைநாசினி பற்றிய சட்டம் மாறிக்கொண்டிருக்கும். கிளைபோசேற்று 2015 இல் தடைசெய்யப்பட்டது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது. கொழும்பில் எது மாறினாலும் ஊற்று வட்டத்தின் விதி மாறாதபடி இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிரதேச சபை. "தோட்டம் எங்களுக்குச் சேராது" என்ற பதில் இனி செல்லாது. 2018 இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளிலும் பொது வசதிகளைச் செய்ய வழி திறக்கப்பட்டிருக்கிறது. நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரிடம் இதை நினைவூட்டுவோம்.

இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தைப் பாருங்கள். மின் நிலையத்தின் கழிவெண்ணெயால் கிணறுகள் கெட்டன என்று மக்கள் முறையிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தின்படி, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணற்றுத் தண்ணீர் ஒரு குடும்பத்தின் உயிர் ஆதாரம் என்பதை நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் கெட்ட கிணறு தெளிய எத்தனை காலம் எடுக்கும் என்பதை அவ்வூர் விவசாயிகளைக் கேளுங்கள். கெடுமுன் காப்பதே மலிவு.

இடம் கிடைத்தால் போதாதா?

"நாங்கள் முகாமில் கிடக்கிறோம். ஒரு துண்டு நிலம் கிடைத்தால் போதும் என்றிருக்கிறோம். இந்நேரத்தில் ஊற்று, வட்டம், பரிசோதனை என்று பேசினால் கிடைக்கிற வீடும் தள்ளிப் போய்விடாதா?" என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான பயம். மீரியபெத்தை மக்கள் இரண்டு ஆண்டு காத்திருந்ததை அறிந்தவர்கள் எவரும் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது.

எங்கள் பதில் இதுதான். ஊற்றைக் குறிப்பதற்கு மாதக்கணக்கு வேண்டாம். நில அளவையாளர் வரும் அதே நாளில் அதையும் குறிக்கலாம். அந்நாளில் ஊற்றைக் காட்ட ஊர் மக்கள் கூட நிற்க வேண்டும், அவ்வளவே. அதே வேளை, அன்று குறிக்காமல் விட்டால் பத்து ஆண்டு அலைந்தாலும் குறிக்க முடியாமல் போகும். மேலே வீடு எழும்பும், பாத்தி எழும்பும், பாதை போகும். வீட்டில் ஓட்டை விழுந்தால் தகரம் போடலாம். சுவர் வெடித்தால் பூசலாம். ஊற்று கெட்டால், மண்சரிவுக்குத் தப்பி வந்தவர்கள் மறுபடியும் இடம்பெயர வேண்டி வரும். இம்முறை அனர்த்த நிவாரணமும் கிடைக்காது, பத்திரிகையிலும் வராது.

ஆகவே, இப்போது முகாம்களில் பெயர்ப்பட்டியலுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இடம் காட்டப்படும் நாளில், வீடு எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேளுங்கள். காட்டச் சொல்லுங்கள். நடந்து போய்ப் பாருங்கள். ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். ஒரு மண்வெட்டி, ஒரு கத்தி, ஒரு 20 லீற்றர் வாளி போதும். போய் வந்து என்ன கண்டீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதைப் பற்றிச் சேர்ந்து பேசுவோம்.

அன்று கேள்வி கேட்ட அந்தத் தாயின் குடியிருப்பில், உடைந்த மூடிக்குப் பதிலாகப் புது மூடி போட்டாகிவிட்டது. பழைய குழி மூடப்பட்டுவிட்டது. போஞ்சித் தோட்டக்காரர் ஊற்றிலிருந்து இரண்டு பாத்தி தள்ளிப் போக ஒத்துக்கொண்டார். அவருடைய வீட்டிலும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். காணி உறுதியில் ஊற்று இன்னும் எழுதப்படவில்லை. அதற்கான கடிதம் பிரதேச செயலகத்தில் இருக்கிறது. கீழே ஐம்பத்தொரு கையெழுத்து. முதற் கையெழுத்து அந்தத் தாயினுடையது.